இரண்டு டப்பாவுக்கும் உள்துணி

அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் மோல்மேனிலிருந்து பஸ் பிடித்து வந்து, "என்னத்த எழுதியிருக்க? உள்ள காட்டு" என்று வாசலில் நிற்பார். அவர் இப்போது உயிரோடு இல்லை. ஆனாலும் வந்தாலும் வருவார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"காட்டு" என்பதுதான் அவர் வாயில் முதலில் வருகிற சொல். ரங்கூனில் பசுந்தாங் பகுதியில் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே ஓர் ஒடுங்கிய அறையில், இரண்டு பெடல் மெஷின்களைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருந்தது நான்காவது மாடி. அவர் அறையைத் தாண்டாமல் யாரும் படியேற முடியாது. மீன் வாங்கி வந்தால் செவுளைப் பிரித்துப் பார்ப்பார். மருந்து வாங்கி வந்தால் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனால், கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றச் சொல்வார். டீக்கடை பர்மாக்காரப் பையன்கள் அவர் வருவது தெரிந்தாலே கோப்பையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

இதையே மற்றவர்களிடம் மட்டும் கேட்டிருந்தால் என்றைக்கோ அடி வாங்கியிருப்பார். தானும் காட்டுவார். ரவிக்கை தைத்துக் கொடுக்கும்போது மடித்துக் கொடுக்க மாட்டார். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நீட்டுவார். "வெளித் தையல ஊரே பாக்கும். உள்தையல நீ பாத்து வாங்கிக்க. அப்புறம் பிரிஞ்சிருச்சுன்னு வந்து நிக்காத" என்பார். வாங்குகிறவர் பார்க்கிற வரைக்கும் கையை எடுக்க மாட்டார்.

ஒருமுறை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். துணைக்கு இருக்கட்டும் என்று அம்மா அக்காவையும் மேலே கூப்பிட்டிருந்தாள். எல்லோரும் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா எழுந்து போய் மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்றார். "தம்பி, ஒரு நிமிசம்" என்று அவருடைய சட்டைக் காலரைப் புரட்டி உள்பக்கம் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அக்கா கூசாமல் என் அம்மா பக்கம் திரும்பி, "அழுக்கு இல்ல. குளிக்கிற புள்ளதான்" என்றார். அந்தச் சம்பந்தம் அன்றோடு சரி. எனக்கு வருத்தமில்லை. அந்த ஆள் குளித்தாரே தவிர வேலைவெட்டிக்குப் போகிறவராக இல்லை என்பது பிறகு தெரிந்தது.

எங்களவர்களுக்கு அங்கே ஒரு சங்கம் இருந்தது. சாவு வீட்டுக்கு உதவுகிற சங்கம். பந்தல், பாத்திரம், ஐயர், எல்லாவற்றுக்கும் மேலாகச் சொந்தமாக ஒரு வண்டி. ரங்கூனில் ஒரு பிணத்தைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவது எவ்வளவு பெரிய பாடு என்பது, வண்டி கிடைக்காமல் நின்றவர்களுக்குத்தான் தெரியும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை கோயில் திருவிழாவோடு திருவிழாவாகத் தலைவர் தேர்தல் நடக்கும். வீட்டுக்கு ஒரு ஓட்டு. நாட்டில் ராணுவ ஆட்சி, ஓட்டு என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய காலம் அது. ஊரே திரண்டு போய்ப் போட்ட ஓட்டு என்ன ஆயிற்று என்று எல்லோரும் பார்த்திருந்தோம். ஆனால் சங்கத்துக்குள் மட்டும் அந்தப் பழக்கம் விட்டுப்போகாமல் இருந்தது.

தலைவர், நகரத்தின் இன்னொரு பக்கம் அலோனில் கிடங்கு வைத்திருந்தவர். பல வருடமாக அவரே தலைவர். சங்கத்து வண்டியும் அவர் கிடங்கில்தான் நிற்கும். தேர்தல் வருகிறது என்றால் வீட்டுக்கு ஒரு லோஞ்சித் துணி வந்துவிடும். லோஞ்சி என்பது அங்கே ஆண் பெண் எல்லோரும் இடுப்பில் கட்டுவது. துணியாகத்தான் வரும். இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஒரு தையல் போட்டு, பெண்களுக்கு என்றால் மேலே ஒரு கறுப்புப் பட்டியும் வைத்தால்தான் கட்ட முடியும். அப்புறம் ஒரு பிரியாணி விருந்து. ஓட்டு நாளில் ஆளை ஏற்றிவர லாரி. அவரை எதிர்த்து நிற்கும் டியூஷன் வாத்தியாரிடம் இருந்தது ஒரு சைக்கிள். அவர் தன் வீட்டில் கூட்டம் போட்டு டீ கொடுப்பார். என் அப்பா ஒருமுறை அந்தக் கூட்டத்துக்குப் போய் ஒரு கோப்பை டீ குடித்தார். அவர் வாழ்நாளில் செய்த அரசியல் அவ்வளவுதான்.

அப்பா இறந்தது நல்ல மழைக்காலத்தில், காலை வேளையில். சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினோம். வண்டிக்கு டயர் பஞ்சர் என்று பதில் வந்தது. மத்தியானம் வரை காத்திருந்தோம். பிறகு காய்கறி ஏற்றுகிற ஒரு பிக்கப் வண்டியைப் பிடித்து அதில்தான் அப்பாவைக் கொண்டுபோனோம். வண்டித் தரையில் முட்டைக்கோஸ் இலைகள் ஒட்டிக் கிடந்தன. அம்மா அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டாள். அக்காவைக் காணவில்லை. எல்லாச் சாவு வீட்டிலும் முதல் ஆளாக நிற்பவர் எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் கொதித்தது.

சாயங்காலம் நாங்கள் திரும்பிய பிறகுதான் வந்தார். முழங்கால் வரை சேறு. "அலோனுக்குப் போயிருந்தேன். நாலு டயர்லயும் காத்து இருக்கு. ஸ்டெப்னிலயும் இருக்கு. பெருவெரலால அமுக்கிப் பாத்தேன்" என்றார். அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சினார். எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

தலைவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அப்பா போன மூன்றாம் மாதம், வீட்டில் வருமானம் இல்லாமல், அம்மா அவர் கிடங்கு வாசலில்தான் போய் நின்றாள். அவர் உட்காரவைத்துப் பேசினார். ஊருக்கு வெளியே லைங் தாயாவில் ஒரு தையல் பாக்டரியில் அவருடைய மச்சான் சூப்பர்வைசர். மறுவாரமே எனக்கு அங்கே வேலை. விடியற்காலையில் தெருமுனைக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகிற பாக்டரி பஸ், அதை அங்கே ஃபெரி என்பார்கள், அதில் இடம். எங்கள் வீட்டு அரிசி அந்த ஃபெரியில்தான் வந்தது. அம்மா அடிக்கடி சொல்வாள்: "வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு. சோத்துல மண்ணப் போட்றாத."

அடுத்த தேர்தல் நெருங்கியபோது லோஞ்சித் துணிகள் வர ஆரம்பித்தன. பச்சைக் கட்டம், எல்லோருக்கும் ஒரே கட்டம். அக்காவுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய வேலை அது. இரண்டு மெஷினும் ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாவது மெஷினில் நான் உட்காருவேன். தெருவில் யார் வீட்டில் வாங்கினார்கள், யார் வேண்டாமென்று திருப்பினார்கள், யார் வாத்தியாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இங்கேயும் வாங்கினார்கள், அத்தனையும் அந்த அறைக்குள் வந்து போயிற்று. அக்கா ஒரு வார்த்தை பேச மாட்டார். எங்கள் அம்மாவும் ஒரு துணியோடு இறங்கி வந்தாள். நான் நூல் கோர்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அக்கா பட்டி வைத்துத் தைத்து, உள்பக்கம் திருப்பி, "தையலப் பாத்துக்கங்க" என்று எல்லோரிடமும் சொல்வது போலவே சொல்லிக் கொடுத்தார்.

அந்த வருடச் சங்கக் கூட்டத்தில்தான் அக்கா எழுந்து நின்றார். கோயில் மண்டபத்தில் பெண்கள் பேசியது அதற்கு முன் எனக்கு நினைவில்லை. இரண்டே விஷயம் சொன்னார். தேர்தலில் நிற்கிற யாரும் தன் கைக்காசில் யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது. நிற்கிறவர் எல்லோருக்கும் சங்கமே ஆளுக்கு ஒரு சாயங்காலம் மண்டபத்தைக் கொடுத்து, டீயும் பலகாரமும் கொடுக்கட்டும். ஒருவருக்கு எவ்வளவோ அவ்வளவுதான் இன்னொருவருக்கும். இது ஒன்று. தேர்தலில் நிற்காத, நிற்பவருக்குச் சொந்தமும் இல்லாத மூன்று பேர் ஓட்டையும் வண்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டி சொல்லி வைத்த வரிசையில் போக வேண்டும். இது இரண்டாவது.

தலைவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "இந்த லோஞ்சியெல்லாம் தெச்சது யாரும்மா? நீதான? கூலி வாங்கல?"

"வாங்கினேன். எத்தன லோஞ்சின்னு கேளுங்க, சொல்றேன். யாருக்குன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்."

"லோஞ்சி நின்னு போனா ஒம் பொழப்பு என்னாகும்?"

"கெய்சா மஷீபூ" என்றார் அக்கா. பரவாயில்லை என்பதற்கு பர்மாவில் எல்லோரும் சொல்வது அது. பஸ்ஸில் காலை மிதித்தவர்களுக்கு எப்படிச் சொல்வாரோ அப்படித்தான் அன்றும் சொன்னார்.

சங்க விதியை மாற்ற வேண்டுமென்றால் வீட்டுக்கு வீடு ஓட்டுப் போட வேண்டும். தலைவருக்குத் தோற்போம் என்ற நினைப்பே இல்லை. தேர்தலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்த்துவிடலாம் என்று பெரிய மனதோடு ஒத்துக்கொண்டார். டப்பாவும் திரையும் நாங்களே தருகிறோம் என்றார்.

எங்கள் ஓட்டு காகிதத்தில் கிடையாது. வயதானவர்களுக்கு பர்மா எழுத்து தெரியாது, இளசுகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அச்சடிக்கப் போனால் என்ன ஏது என்று நூறு கேள்வி. அதனால் காலம்காலமாகப் புளியங்கொட்டைதான். திரைக்குள் டப்பாக்கள் இருக்கும், வீட்டுக்கு ஒரு கொட்டை கொடுப்பார்கள், போட்டுவிட்டு வர வேண்டியதுதான். இதில் ஒரு சின்னச் சிக்கல். எண்ணும்போது எப்போதும் வீடுகளைவிடக் கொட்டைகள் அதிகமாக இருக்கும். எல்லோரும் தெரியாத மாதிரி இருந்துவிடுவோம்.

அக்கா இருக்கவில்லை. "எல்லார் வீட்டுப் புளியிலயும் கொட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டு, சந்தைக்குப் போய் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டைப் பொத்தான்கள் வாங்கி வந்தார். ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல் கோர்த்துத் தன் கையால் ஒரு முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சை நானும் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. எத்தனை வீடோ அத்தனை பொத்தான்.

அனுமதி கேட்க அவரும் வாத்தியாரும் வார்டு ஆபீஸுக்குப் போனார்கள். அப்போது ஐந்து பேர் கூடுவதென்றாலே கேட்டுத்தான் கூட வேண்டும். அங்கே நடந்ததை வாத்தியார் பிறகு பத்து தடவையாவது சொல்லியிருப்பார். அதிகாரி, "டப்பா, திரை, வரிசை. இது என்ன, தேர்தலா?" என்று கேட்டாராம். அக்கா கூடையை அப்படியே மேஜை மேல் கவிழ்த்துவிட்டார். பொத்தான், நூல்கண்டு, கத்தரிக்கோல், வெற்றிலைப் பொட்டலம், எல்லாம் உருண்டன. "பாத்துக்கங்க. சாவு வண்டி யார் வீட்டுக்கு மொதல்ல போறதுன்னு எங்காளுங்ககிட்ட கேக்கப் போறோம். வேற ஒண்ணுமில்ல." அதிகாரி ஒரு பொத்தானை எடுத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறதே, என் சட்டைக்கு ஆறு கொடு என்றார். வாத்தியார் கொடுத்துவிடுங்கள் என்று கண்ணைக் காட்டினார். அக்கா அந்தப் பொத்தானை அவர் விரலிலிருந்து மெதுவாக வாங்கிக் கூடையில் போட்டார். "சட்டையக் கொண்டாங்க. வேற பொத்தான் வெச்சுத் தெச்சுத் தரேன். இதுல ஆறு குடுத்தா ஆறு வீட்டக் குடுத்த மாதிரி." அதிகாரி சிரித்துவிட்டார். சத்தம் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

ஓட்டுக்கு முதல் நாள் மத்தியானம் மண்டபத்துக்கு டப்பாக்கள் வந்தன. ஒன்று சதுரமான பெரிய பிஸ்கட் டின். இன்னொன்று உருண்டையான பால்பவுடர் டப்பா. பிஸ்கட் டின்னில் மஞ்சள் துணி கட்டியிருந்தது, அது 'வேணும்'. பால்பவுடர் டப்பாவில் நீலத்துணி, அது 'வேண்டாம்'. திரைக்கு வெளியே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், பெயர் குறிக்கிறவருக்கு ஒரு நாற்காலி. அக்கா வழக்கம்போல இரண்டு டப்பாவையும் கவிழ்த்து உள்ளே பார்த்தார். ஒன்றுமில்லை. ஒரு பொத்தானைப் போட்டுப் பார்த்தார். மஞ்சளில் 'டங்' என்றது. நீலத்தில் 'டிக்' என்றது. மறுபடி போட்டார். மறுபடி 'டங்', 'டிக்'.

நாற்காலியைப் பார்த்தார். "இதுல யாரு உக்காரப் போறது?"

வாத்தியார் சொன்னார். "தலைவரோட மச்சான். பாக்டரி சூப்பர்வைசர்."

எங்கள் தெருவிலிருந்து அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் நானும் இன்னும் சில பெண்களும். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "நாக்காலிய நகத்தச் சொன்னா ஏன்னு கேப்பாங்க. டப்பாவ மாத்தச் சொன்னா நாளத் தள்ளிப் போட்டுடுவாங்க. நீ வா என்கூட" என்றார்.

அறைக்குப் போய், மெஷினுக்குக் கீழே கிடந்த வெட்டுத் துணி மூட்டையை அவிழ்த்தார். எல்லாம் அந்தப் பச்சைக் கட்டம். துண்டுகளைச் சேர்த்து டப்பாவுக்குள் போட இரண்டு உறை தைத்தோம், ஒன்று சதுரம், ஒன்று உருண்டை. நடுவில் ஒரு பழைய தலையணைப் பஞ்சு. எங்கள் அம்மாவின் லோஞ்சியில் மிஞ்சிய துண்டும் அதில் இருந்தது. கறுப்புப் பட்டியின் நூல் தொங்கிக்கொண்டிருந்ததால் எனக்கு அடையாளம் தெரிந்தது. மடிக்குள் ஒளித்தேன். அக்கா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "கெட்டித் துணி. இத அடியில போடு" என்றார்.

இருட்டுவதற்கு முன்பே முடித்துவிட்டோம். மண்டபத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பொத்தானைப் போட்டோம். மஞ்சளிலும் சத்தமில்லை, நீலத்திலும் சத்தமில்லை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவ போடு" என்றார். போட்டேன். "எதுல போட்ட?" என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலை அக்கா உறைகளை டப்பாவிலிருந்து வெளியே இழுத்து, இரண்டு பக்கமும் திருப்பி, எல்லோருக்கும் காட்டினார். சூப்பர்வைசருக்கும் காட்டினார்.

"இது எதுக்கு?" என்றார் அவர்.

"சத்தம் வரக் கூடாதுன்னு. ஏங்க, ஒங்களுக்குச் சத்தம் வேணுமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்து, வேண்டாம் என்று தலையாட்டினார். தலைவரும் டப்பாக்களை எட்டிப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றார்.

எங்கள் வீட்டு ஓட்டு அப்பாவுக்குப் பிறகு என்னுடையது. பொத்தானைக் கையில் வாங்கிக்கொண்டு திரைப் பக்கம் போனபோது சூப்பர்வைசர் என் பெயரைக் குறித்தபடியே தாழ்ந்த குரலில், "திங்கக்கெழம புது லைன் லிஸ்ட் போடறேன். ஒம் பேரு இருக்குமில்ல?" என்றார். லிஸ்ட்டில் பெயர் இல்லாதவர்களுக்கு பாக்டரியில் வேலை இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் திரைக்குள் போனேன், வெளியே வந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அவர் தலையைச் சாய்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அன்று முழுக்க அப்படி இருந்ததில் மனிதருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டிருக்கும்.

சாயங்காலம் தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அதில் கொட்டினார்கள். உறைகளையும் உதறிக் காட்டினார்கள். எத்தனை பேர் வந்து பெயர் குறித்தார்களோ அத்தனை பொத்தான்தான் இருந்தது. சங்கத்தில் அது முதல் தடவை. மஞ்சளில் பதினொன்று அதிகம். எல்லோரும் கை தட்ட எழுந்து, நிபந்தனை நினைவுக்கு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். தலைவர் வேட்டிக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். பிறகு, "நானும் ஒரு தடவ எண்ணிப் பாத்துக்கட்டுமா?" என்றார். அக்கா வேட்டியை அவர் பக்கம் இழுத்துவிட்டார். அந்தப் பெரிய மனிதர் தரையில் உட்கார்ந்து எண்ணினார். "சரிதான்" என்று எழுந்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

திங்கட்கிழமை லிஸ்ட்டில் என் பெயர் இருந்தது.

விதி மாறியதோடு ஊர் தலைகீழாகிவிடவில்லை. தேர்தலில் ஆளுக்கு ஒரு சாயங்காலம், ஒரே டீ, ஒரே பருப்பு வடை. அப்படியும் தலைவரே ஜெயித்தார். வாத்தியார் அக்காவின் அறைக்கு வந்து, "இதுக்கா இவ்ளோ பாடு பட்டோம்?" என்று நொந்துகொண்டார். அக்கா பாபினை மாற்றிக்கொண்டே, "தோத்தது நீங்க வாத்தியாரே. வண்டி தோக்கல" என்றார். வண்டி கோயில் பக்கம் வந்து நின்றது. வரிசை எழுதுகிற புத்தகம் கோயில் வாசலில், யார் வேண்டுமானாலும் புரட்டுகிற மாதிரி, ஒரு கயிற்றில் தொங்கியது. பார்த்துக்கொள்கிற மூன்று பேரில் அக்கா ஒருவர். பிணத்தை ஏற்றும் முன் டிரைவர் பின்கதவைத் திறந்து உள்ளே காட்ட வேண்டும் என்று அவராகவே ஒரு வழக்கத்தையும் கொண்டுவந்தார். அது விதியில் இல்லை. ஆனால் டிரைவருக்கு அக்காவிடம் பயம் இருந்தது.

லோஞ்சி வேலை அதோடு நின்றுபோனது. ஒரு நாள் ஃபெரியிலிருந்து இறங்கி வந்து பார்த்தால் இரண்டாவது மெஷின் இருந்த இடம் காலி. வித்துவிட்டீர்களா என்று கேட்டேன். "யாரு உக்கார்றா அதுல? எடத்த அடைச்சுக்கிட்டு" என்றார். அதற்கு மேல் பேசவிடவில்லை.

அம்மா இறந்தபோது சொல்லியனுப்பி முக்கால் மணி நேரத்தில் வண்டி வந்தது. அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், நான் அக்காவின் அறையில் போய் உட்கார்ந்தேன். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பச்சை லோஞ்சி ஒன்றுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்று சொல்லிவிடுவது என்று வந்திருந்தேன்.

"அக்கா, அன்னைக்கு ஓட்டுல நான்..."

பெடல் நின்றது. "நிறுத்து" என்றார்.

"இல்லக்கா, சொல்லணும்."

"எதுக்குடி அந்தத் துணிய வெச்சோம்?"

"சூப்பர்வைசருக்குக் கேக்கக் கூடாதுன்னு."

"அவருக்குக் கேக்கக் கூடாது, எனக்குக் கேக்கலாமா?" என்றார். குரலில் கோபம் இல்லை. "கேட்டா மனசுல நிக்கும். நின்னா, நாளைக்கு ஒரு வீட்டுக்கு வண்டி எழுதறப்ப கை ஒரு நிமிசம் யோசிக்கும். வேணாம்."

"எல்லாத்தையும் காட்டு காட்டும்பீங்களே."

"இத மட்டும் காட்டாத" என்று சொல்லிவிட்டு மறுபடி பெடலை மிதித்தார்.

பிறகு அவருக்கு முழங்கால் பெடலுக்கு ஒத்துழைக்கவில்லை. மோல்மேனில் இருந்த தங்கையிடம் போனார். போகும்போது அந்த இரண்டு உறைகளையும் துவைத்து மடித்து என்னிடம் கொடுத்தார். அவருக்குப் பதிலாக மூன்று பேரில் ஒருத்தியாக என்னைப் போட்டார்கள். ஓட்டு நாளில் நான்தான் உறைகளை இழுத்துத் திருப்பி எல்லோருக்கும் காட்டுகிறேன். அவர் மோல்மேனில் இறந்த செய்தி, எரித்து இரண்டு நாள் கழித்துத்தான் எங்களுக்கு வந்தது.

அவர் பார்க்க மறுத்ததை இங்கே காட்டிவிடுகிறேன். அன்று திரைக்குள் நின்றபோது என் கை மஞ்சள் டப்பாவுக்குத்தான் போனது. அப்பாவை நினைத்தேன். முட்டைக்கோஸ் இலைகளை நினைத்தேன். உடனே திங்கட்கிழமை லிஸ்ட்டும் நினைவுக்கு வந்தது. துணி எங்காவது விலகியிருந்தால் 'டங்' என்று கேட்டுவிடுமே என்று பயம் வந்தது. நானே தைத்து, நானே போட்டுப் பார்த்த துணியை நான் நம்பவில்லை. என் பொத்தானை நீல டப்பாவில் போட்டுவிட்டு வந்தேன். சாயங்காலம் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபோது நானும் பொத்திக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் எனக்காகவும் சேர்த்துத் துணிந்திருந்தார்கள். அக்காவுக்கும் அவர்களுக்கும் நான் பட்டிருக்கும் நன்றியை எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை வருடம் போயிற்று.

அம்மாவுக்கு வண்டி வந்த அன்றைக்கு, புத்தகத்தில் எங்கள் பெயர் எந்த வரியில் இருந்ததோ அந்த வரிப்படிதான் வந்தது. யார் எதில் போட்டார்கள் என்று அந்த வண்டிக்குத் தெரியாது. டிரைவர் இறங்கி, பின்கதவைத் திறந்து, ஒதுங்கி நின்றார். "உள்ள பாத்துக்கங்க" என்றார். எட்டிப் பார்த்தேன். கழுவித் துடைத்து, சுத்தமாக இருந்தது.